பட்டியலில் இல்லாத பயணிகள்

1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி, பம்பாயிலிருந்து சென்னைக்குச் செல்லும் மெயில் வண்டியில் ஒருவர் மூன்றாம் வகுப்பில் ஏறினார். சீட்டின் விலை 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. உட்காரத்தான் அந்த இடம், படுக்க வழியில்லை. சென்னை வந்துசேர இரண்டு இரவுகள் ஆகும். பூனா வரையில் எண்ணிக்கை 22-ஐத் தாண்டவில்லை என்றால், அதற்கு உள்ளே இருந்த துணிச்சல்காரர்கள் புதிதாக ஏற வந்தவர்களை விரட்டியடித்ததே காரணம். ரெய்ச்சூரைக் கடந்த பிறகு அந்தத் துணிச்சலும் பயன்படவில்லை. பெரும்பாலான நேரம் 35 பேர்வரை அந்தப் பெட்டியில் அடைந்துகிடந்தார்கள். சிலர் அழுக்குத் தரையில் படுத்தார்கள், சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். பயணம் முடியும்வரை ஒருமுறைகூடப் பெட்டி பெருக்கப்படவில்லை.

பயணி காந்தி. பதின்மூன்று நாட்கள் கழித்து ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்கு இதைக் கடிதமாக எழுதினார். பிறகு அது சிறு பிரசுரமாகவும் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய இரண்டரை ஆண்டுகளில் கால்பங்குக்கும் மேலான காலத்தை மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளிலேயே கழித்திருப்பதாக அதில் சொல்கிறார். எச்சில் துப்பும், புகைபிடித்துப் பெட்டியை நிரப்பும் சகபயணிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் கடிதத்தின் உயிர்நாடி அந்த வர்ணனைகளில் இல்லை, ஒரு கணக்கில் இருக்கிறது. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்கு சொச்சம். அப்படியென்றால் முதல் வகுப்பு வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டுமே? பத்தில் ஒரு பங்காவது இருக்கிறதா?

இந்திய ரயில்வேயின் வரலாற்றைப் பாலங்களின், சுரங்கங்களின், நீராவி எஞ்சின்களின் வரலாறாக எழுதுவது வழக்கம். எனக்கும் அவற்றின்மீது மோகம் உண்டு. இருந்தாலும் அந்த வரலாற்றை மூன்றாம் வகுப்பின் மரப்பலகையில் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த அமைப்பு யாரை எதிர்பார்க்காமல் கட்டப்பட்டதோ அவர்களே அதைத் தாங்கி நின்றிருக்கிறார்கள். யார் தாங்கினார்களோ அவர்களைக் கணக்கில் வைக்கும் பழக்கம் அதற்கு முழுமையாக வந்ததே இல்லை.

*

எதிர்பார்க்கவில்லை என்று சொல்வது மிகையல்ல. 1845-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இந்தியாவில் ரயில் போடுவதைப் பற்றி யோசித்தபோது, வருமானம் சரக்கிலிருந்துதான் வரும், பயணிகளிடமிருந்து வராது என்றே முடிவுகட்டியிருந்தார்கள். இந்தியர்கள் ஏழைகள், ஊர்விட்டு ஊர் போகாதவர்கள், சாதியும் மதமும் அவர்களை ஒரே பெட்டியில் உட்காரவிடாது என்பவை அன்றைய ஆங்கிலேயரிடையே நிலவிய எண்ணங்கள்.

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேக்கு 14 பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினர்கள் பயணம் செய்தனர். மூன்று எஞ்சின்கள் இழுத்த அந்த வண்டி கடந்த தூரம் 34 கிலோமீட்டர். தெற்கே 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடுக்கு, முதல் வண்டி ஓடியது. (செங்குன்றத்திலிருந்து சென்னைக்குச் சாலைபோடும் கல் ஏற்றிவர 1837-இலேயே ஒரு தண்டவாளம் இருந்தது. அது பயணிகளுக்கானதல்ல.) ராயபுரம் நிலையத்தின் பழைய கட்டிடம் இன்றும் நிற்கிறது.

கம்பெனியாரின் கணிப்பு சில ஆண்டுகளிலேயே பொய்த்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், வழக்குமன்றத்துக்குப் போகிறவர்கள், திருமணத்துக்கும் சாவுக்கும் போகிறவர்கள், எல்லோரையும்விட அதிகமாகக் கோயிலுக்குப் போகிறவர்கள். காசிக்குப் புறப்பட்டவர் திரும்பிவருவது நிச்சயமில்லை என்று விடைகொடுத்து அனுப்பிய ஊர்களில், காசி போய்வருவது சில வாரங்களில் முடியும் காரியமாயிற்று. வாழ்நாளில் ஒருமுறை என்றிருந்தது ஆண்டுக்கொருமுறை என்றானது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலம் முழுவதிலும் ரயிலில் போனவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கடைசி வகுப்புப் பயணிகள். பயணிகள் வருமானத்தில் பெரும்பங்கும் அவர்களுடையதுதான்.

கிடைத்தது என்ன? சில கம்பெனிகள் இருக்கையே இல்லாத நான்காம் வகுப்பையும் ஓட்டிப் பார்த்தன. தொலைதூரம் செல்லும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளிலும் பல பத்தாண்டுகள் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கும் நிலையத்தில் இறங்கி ஓடவேண்டும். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் 1909-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு புகார்க் கடிதம் உண்டு. அகில் சந்திர சென் என்ற பயணி அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போயிருக்கையில் கார்டு ஊதலை ஊதிவிட, ஒரு கையில் சொம்பும் மறுகையில் வேட்டியுமாக அவர் ஓடிவந்து, பலர் முன்னிலையில் விழுந்து, வண்டியையும் தவறவிட்ட கதை. இணையம் வந்த நாள்முதல் அக்கடிதத்தின் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பதே நடந்துவருகிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காசு கொடுத்துப் பயணம் செய்த ஒரு மனிதன், இயற்கையின் அழைப்புக்காக ஐந்து நிமிடம் நின்றிருக்கக் கூடாதா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை.

*

வருமானம் தரும் வாடிக்கையாளரை இப்படி நடத்தும் வணிகம் நிலைக்குமா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் 'உத்தரவாதம்' என்ற ஏற்பாடு வருகிறது. ரயில் போட்டவை லண்டனில் பங்கு திரட்டிய தனியார் கம்பெனிகள். முதலீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஆதாயம் நிச்சயம் என்று அரசு உறுதி கொடுத்தது. குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டும். சிக்கனமாகக் கட்டவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாததால் மைலுக்கு ஆன செலவு பல தடங்களில் தொடக்க மதிப்பீட்டைப்போல் இரு மடங்கைத் தொட்டது. பயணியை மகிழ்விக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பயணி சீட்டு வாங்கும்போது ஒருமுறையும், நிலவரியும் உப்புவரியும் கட்டும்போது இன்னொருமுறையும் ரயிலுக்குப் பணம் கொடுத்தான். ஆர்தர் காட்டன் இதே பணத்தைக் கால்வாய்களில் போட்டிருக்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். கோதாவரியிலும் கொள்ளிடத்திலும் அணை கட்டியவர் என்பதால் அவர் பக்கச்சார்பு உடையவர்தான். ஆனாலும் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஏனென்றால் 1876-78 பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் அப்போது ரயில் இருந்தது. வில்லியம் டிக்பி போன்ற அன்றைய பத்திரிகையாளர்கள் எழுதிவைத்ததைப் படிக்கும்போது, தண்டவாளம் இரு திசையிலும் ஓடும் என்ற எளிய உண்மை உறைக்கிறது. துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுபோனதும் ரயில். விலை ஏறிய இடத்தைத் தேடி, ஏற்கெனவே பசித்திருந்த ஊர்களிலிருந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போனதும் அதே ரயில். வணிகத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கையில் லிட்டன் அரசு பிடிவாதமாக இருந்தது. நெல் நகர்ந்தது. நெல்லை வாங்கக் காசில்லாதவர்கள் நகர முடியாமல் செத்தார்கள். இந்தியா முழுவதும் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1880-இல் அறிக்கை தந்த பஞ்சக் குழு மேலும் பல ஆயிரம் மைல் ரயில் பாதை வேண்டும் என்றது. டேவ் டொனால்ட்சன் என்ற பொருளியலாளர் காலனிய ஆவணங்களைக் கொண்டு செய்த ஆய்வுகள், ரயில் எட்டிய மாவட்டங்களில் வேளாண் வருமானம் உயர்ந்ததையும், மழை பொய்த்தாலும் அது முன்போலச் சாவாக மாறவில்லை என்பதையும் காட்டுகின்றன. இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். தண்டவாளம் மட்டும் யாரையும் கொல்வதில்லை, காப்பாற்றுவதும் இல்லை. யார் கையில் வாங்கும் காசு இருக்கிறது, அரசு என்ன கொள்கை வைத்திருக்கிறது என்பவையே வண்டி எந்தத் திசையில் ஓடும் என்பதைத் தீர்மானித்தன. 1909-இல் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது காந்தி ரயிலையே முழுமையாக நிராகரித்தார். பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் பரப்பும் கருவி என்றார். எட்டு ஆண்டுகளில் அதே மனிதர் மூன்றாம் வகுப்பில் ஒரு விளக்குமாறு போடுங்கள் என்று கடிதம் எழுதுகிறார். இதை முரண்பாடு என்று சிலர் சுட்டுவார்கள். நாட்டையே சுற்றிவரத் தொடங்கியவருக்கு ரயிலை விட்டால் வழியில்லை என்பது புரிந்திருக்க வேண்டும்.

*

ரயில் சாதியைக் கரைக்கும் என்று 1853-இலேயே லண்டனில் உட்கார்ந்து மார்க்ஸ் எழுதினார். ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதி நிற்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையை உடைத்துவிடும் என்பது அவர் கணிப்பு. பாதி பலித்தது. மூன்றாம் வகுப்புப் பலகையில் பக்கத்தில் உட்காருபவரின் குலத்தை விசாரித்துக்கொண்டிருக்க இடமில்லை. ஆனால் வண்டி நின்றதும் சாதி பிளாட்பாரத்தில் காத்துக்கொண்டிருந்தது. வடக்கே இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனிப் பானைகள். தெற்கே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம். அரசின் சொத்தாகிவிட்ட நிலையத்துக்குள் இந்தத் தடுப்பு எதற்கு என்று பெரியாரும் அவரைச் சார்ந்தவர்களும் தொடர்ந்து போராடினார்கள். 1941-இல்தான் அது அகற்றப்பட்டது. முதல் ரயில் ராயபுரத்தைவிட்டுக் கிளம்பி 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்டிக்குள் ஒரே நாளில் நடந்தது, பெட்டிக்கு வெளியே பத்து அடி தூரத்தில் நடக்க அத்தனை காலம் பிடித்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களின் பேச்சில் நிலையத்துக்கு 'ரயிலடி' என்று பெயர். கோயிலடி, ஆலடி என்பதுபோல. புகைவண்டி, தொடர்வண்டி என்று ஏட்டில் எத்தனையோ சொற்கள் உருவாக்கப்பட்டன. மக்கள் உருவாக்கிய இந்தச் சொல்தான் எனக்கு நெருக்கமானது. ஊர் அதன் நிழலில் வந்து ஒண்டிக்கொண்டதை அது சொல்லிவிடுகிறது. அந்த ரயிலடிகளிலிருந்து கிளம்பியவர்கள் அனைவரும் கோயிலுக்குப் போனவர்கள் அல்லர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், திருச்சியிலும் ராமநாதபுரத்திலும் வறண்ட ஊர்களைவிட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் ரயிலேறி, மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, தனுஷ்கோடியில் கப்பலேறினார்கள். அவர்களுக்கும் அதே மரப்பலகைதான்.

*

சுதந்திரத்துக்குப் பிறகு ரயில் நம்முடையதாயிற்று. 1951-இல் மண்டலங்கள் அமைந்தன. ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே முதலாவதாகப் பிறந்தது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குப் பின்வந்த விபத்துகளின்போதெல்லாம் அவர் பெயர் நினைவூட்டப்படுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

மூன்றாம் வகுப்பு 1974-இல் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டது பெயர். நேற்றுவரை மூன்றாம் வகுப்பாக இருந்தது, அதே பலகையும் அதே நெரிசலுமாக இன்று இரண்டாம் வகுப்பு ஆனது. அதே ஆண்டு மே மாதம் பல லட்சம் ரயில் தொழிலாளர்கள் இருபது நாட்கள் வேலைநிறுத்தம் செய்து ஒடுக்கப்பட்டனர். உண்மையான மாற்றம் ஒன்று நடந்தது என்றால் அது 1977-க்குப் பிறகு, மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்தபோது. இரண்டாம் வகுப்புப் படுக்கைகளின் மரப்பலகைமேல் இரண்டு அங்குல நுரைமெத்தை போடச் செய்தார். 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடத்தொடங்கிய கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ், வகுப்பு வேறுபாடே இல்லாத வண்டியாக அந்த மெத்தையோடு வந்தது. முதல் வகுப்பைத் தாழ்த்துவதல்ல, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே தன் நோக்கம் என்ற பொருளில் அவர் பேசியது உண்டு. இந்திய ரயில்வேயின் மிகப்பெரிய சாதனைகளைப் பட்டியலிடச் சொன்னால் நான் கொங்கண் ரயில்பாதையைவிட அந்த இரண்டு அங்குலத்தை முன்னால் வைப்பேன். அந்தக் கொங்கண் பாதைக்காக உழைத்தவர்களிலும் அவர் ஒருவர் என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், 'மூன்று' என்ற எண் 1993-இல் மூன்றடுக்கு ஏ.சி.யாக மறுபிறவி எடுத்தது. இன்று நடுத்தரக் குடும்பங்கள் அடித்துப்பிடித்து முன்பதிவு செய்வது அதில்தான். அதற்குக் கீழே, சாதாரணப் படுக்கைக்கும் கீழே, முன்பதிவற்ற பொதுப்பெட்டி இருக்கிறது. பழைய மூன்றாம் வகுப்பின் வாரிசு அதுதான்.

கணக்கு மட்டும் தலைகீழாகியிருக்கிறது. அன்று மூன்றாம் வகுப்பு ரயிலுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. இன்று பயணிகள் சேவையே நட்டம். சரக்குக் கட்டணம் அதை ஈடுகட்டுகிறது. உங்கள் பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டை மட்டுமே ரயில்வே திரும்பப் பெறுகிறது என்று சீட்டிலேயே அச்சிடத் தொடங்கினார்கள். அந்த வரியைப் படிக்கும்போது யாருடைய தயவிலோ பயணம் செய்கிறோம் என்ற கூச்சம் வரும். வரவேண்டும் என்பதற்காகத்தான் அச்சிட்டார்கள். ஆனால் இந்திய ரயில்வே சுமக்கும் சரக்கின் எடையில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. அதன்மேல் கூடுதலாக ஏற்றப்படும் கட்டணம் மின்கட்டணமாகத் திரும்பி வருகிறது. அரிசிக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் இதே கதைதான். பொதுப்பெட்டியில் போகிறவனும் விளக்கு எரிக்கிறான், அரிசி வாங்குகிறான். தன் சலுகையின் ஒரு பகுதியைத் தானே கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று சீட்டில் யாரும் அச்சிடுவதில்லை.

*

2020 மார்ச்சில் இந்திய ரயில்வேயின் பயணி வண்டிகள் வரலாற்றில் முதன்முறையாக மொத்தமாக நின்றன. நகரங்களில் கூலிவேலைக்கு வந்திருந்தவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். எந்த வழியாக நடப்பது? தெரிந்த ஒரே வழி தண்டவாளம். மே 1 முதல் 'ஷ்ரமிக்' சிறப்பு வண்டிகள் விடப்பட்டன. மே 8 விடியற்காலையில் அவுரங்காபாத் அருகே, வண்டிகள் ஓடவில்லை என்ற நம்பிக்கையில் தண்டவாளத்திலேயே படுத்து உறங்கிவிட்ட 16 தொழிலாளர்கள்மீது சரக்கு ரயில் ஏறியது. சரக்கு நிற்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு வண்டிகள் திரும்பின, ஆனால் நெடுநாள் முன்பதிவோடு மட்டுமே. பொதுப்பெட்டிக்கும் பதிவு வேண்டும் என்றானது. பெயர், வயது, கைபேசி எண் கொடுத்து நாள் குறித்துப் பயணம் செய்ய இயலாதவர்கள் வெளியே நின்றார்கள். சாதாரணப் பாசஞ்சர் வண்டிகள் எக்ஸ்பிரஸ் என்று பெயர்மாற்றம் பெற்று, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இடையில் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத் வண்டிகள் 2019 முதல் ஒவ்வொரு தடமாக வந்தன. நல்ல வண்டிகள், நம்மவர்களின் திறமைக்குச் சான்று. அவற்றில் பொதுப்பெட்டி கிடையாது. 2023 டிசம்பரில் ஏ.சி. இல்லாத, பொதுப்பெட்டிகளும் கொண்ட அம்ரித் பாரத் வண்டிகள் வந்தன. அது ஒரு பதில்தான். தாமதமான பதில்.

2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்தில் பஹானகா பஜார் நிலையத்தருகே கிளைத்தடத்தில் திரும்பி, நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டிமீது மோதியது. தடம்புரண்ட பெட்டிகள் எதிரே வந்த பெங்களூரு - ஹவுரா வண்டிமீது மோதின. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோரமண்டல் என்பது வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தெற்கின் கட்டிட வேலைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் உணவகங்களுக்கும் ஆள் வரும் வண்டி. நம் ஊரில் எழும் அடுக்குமாடிகள் பலவற்றின் செங்கல்லைச் சுமந்த கைகள் அதன் பொதுப்பெட்டிகளில் வந்தவை.

முன்பதிவுப் பெட்டிகளில் இருந்தவர்களின் பெயர்கள் அன்றிரவே கணினியில் கிடைத்தன. பொதுப்பெட்டிகளுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. உறவினர்கள் புகைப்படங்களை ஏந்திக்கொண்டு புவனேசுவரத்துக்கு வந்து, வரிசையாக வைக்கப்பட்ட உடல்களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே உடலை இரண்டு குடும்பங்கள் தம்முடையது என்றன. மரபணுச் சோதனை செய்துதான் பல உடல்கள் ஒப்படைக்கப்பட்டன. எய்ம்ஸ் மருத்துவமனையில் குளிரூட்டிய கலங்களில் நான்கு மாதம் வைத்திருந்தும் யாரும் வராத 28 உடல்களை, அக்டோபரில் புவனேசுவர மாநகராட்சி எரியூட்டியது.